தலைச்சுற்றலுக்கு அசைவே மருந்து

தலைச்சுற்றல் வந்தவர் தலையை அசைக்காமல் படுத்துக்கொள்வார். வீட்டாரும் அதையே வற்புறுத்துவர். பித்தம் என்று எலுமிச்சைச் சாற்றோடு விட்டுவிடுவோரும் உண்டு. வாந்தியும் சுழற்சியும் கடுமையாக உள்ள முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஓய்வும் மாத்திரையும் தேவைதான். உட்செவி நரம்பு அழற்சியில், அதற்குப் பின்னும் அவற்றை நீட்டித்தால் குணமடைவது தாமதமாகும்.

தலை திரும்பும் வேகத்தை இரு உட்செவிகளும் மூளைக்கு ஓயாமல் தெரிவிக்கின்றன. ஒரு பக்கம் செயலிழந்தால் இரு செய்திகளும் முரண்படும். அம்முரண்பாட்டையே நாம் சுழற்சியாக உணர்கிறோம். பழுதடைந்த நரம்பு முழுமையாக மீளாமல் போகலாம். ஆயினும் மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும். பிழையைச் சந்தித்தால்தான் அது திருத்தும். தலையே அசையாவிட்டால் திருத்த எதுவுமில்லை.

1940களில் இங்கிலாந்தில் காத்தோர்ன், குக்சி என்னும் இரு மருத்துவர்கள் இதற்கெனப் பயிற்சிகளை வகுத்தனர். படுக்கையில் கண்ணசைவில் தொடங்கி, தலையசைவு, நிற்றல், நடத்தல், பந்து வீசுதல் எனப் படிப்படியாக அவை முன்னேறின.

இன்று நாங்கள் பெரிதும் கற்பிப்பது பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சி. சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். எழுத்து மங்காத அளவே வேகம். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று முறை எனத் தொடங்கலாம். செய்யும்போது இலேசாகச் சுற்றும்; சுற்றட்டும். இருபது நிமிடங்களில் அது அடங்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் நிறுத்திவிடுவோரே அதிகம்.

எல்லாத் தலைச்சுற்றலுக்கும் இது முதல் சிகிச்சையன்று. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுற்றினால், உட்செவித் துகள்கள் இடம்பெயர்ந்திருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் வைத்துத் திருப்பும் எப்லி முறையால் அது பெரும்பாலும் ஓரிரு அமர்வுகளில் தீரும். ஆகவே, நோயறிந்த பின்னரே பயிற்சி.

உடனிருப்போருக்கு ஒன்று. கையைப் பிடித்தே நடத்துவது அன்புதான். ஆனால் உங்கள் கை தாங்கும்வரை அவர் கால் கற்காது. சிகிச்சையாளர் அனுமதித்த பின், எட்டிப் பிடிக்கும் தொலைவில் உடன் நடந்தால் போதும். இரவில் கழிவறை வழியில் விளக்கு எரியட்டும்.

தலைச்சுற்றலுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, கடும் தலைவலி, நிற்கவே இயலாமை ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது பயிற்சி வேண்டாம். உடனே 108 ஐ அழையுங்கள்.