இரண்டு லைன், ஒரே பள்ளம்

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. முற்பகல் 11.40 மணி அளவில் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மறுபடி தொடங்கியபோது மணி 3.45. வழக்கமாக மூடும் நேரம் தாண்டிவிட்டதால் அன்று மாலை 5 மணி வரை நீட்டித்தார்கள். சந்தையின் இரண்டு மையங்களை இணைக்கும் தொலைத்தொடர்பு லைன்கள் தடுமாறியதில் தொடங்கியது எல்லாம். அதன் தொடர்ச்சியாகத் தரவுச் சேமிப்பு அமைப்பு முடங்கி, இடர் கண்காணிப்பும் செயலிழந்தது. அது இல்லாமல் வர்த்தகத்தை ஓடவிட முடியாது.

லைன்களை ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தார்களா என்றால் இல்லை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் வாங்கியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தே தடுமாறின. வழியில் நடந்த தோண்டும் வேலையும் கட்டுமான வேலையும்தான் காரணம் என்று பிறகு சந்தை விளக்கம் தந்தது. வீட்டில் உட்கார்ந்து டிரேடிங் செய்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு விஷயத்தை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு பில் கட்டுவதால் மட்டும் இரண்டு லைன் வந்துவிடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தை காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை, ஒரு நாளைக்கு 375 நிமிடம் நடக்கிறது. ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்தால் 93,750 நிமிடம். உங்கள் லைன் இதில் நூற்றில் ஒரு பங்கு நேரம் படுத்துவிடுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்குப் பதினைந்தரை மணி நேரம் போய்விடும். அதே தரத்தில் இரண்டாவது லைன் ஒன்று போட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கெட்டுப்போவதாக இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆண்டு முழுக்க ஒன்பது நிமிடம் சொச்சம்தான்!

சுமாரான இரண்டு பொருள்களைச் சேர்த்து அபாரமான நம்பகத்தன்மையை உண்டாக்க முடிகிறது. பொறியியலில் எனக்கு அலுக்காத வியப்புகளில் இது ஒன்று. ஆனால் பழுதுகளில் பத்தில் ஒன்று மட்டும் இரண்டு லைனையும் சேர்த்து அடிக்கிற பொதுக் காரணத்தால் வருகிறது என்று வையுங்கள். ஒன்பது நிமிடம் நூறு நிமிடமாகிவிடும். இத்தனை லாபமும் ‘சம்பந்தமில்லாமல்’ என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது.

ஆகவே வீட்டு லைன் எந்த வழியாக வருகிறது என்று தெருவில் இறங்கிப் பார்ப்பது நல்லது. நம் ஊர்களில் இரண்டு கம்பெனிகளின் ஃபைபரும் ஒரே கரண்ட் போஸ்ட்டில் தொங்கி வருவது சர்வ சாதாரணம். லாரி ஒன்று உரசினால் இரண்டும் போகும். பூமிக்கடியில் போனாலும் பொக்லைன் எந்தக் கம்பெனி ஒயர் என்று பார்த்துத் தோண்டுவதில்லை. இப்படித் தோண்டுவதில் அறுபடும் ஃபைபரால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே சொல்லி, தோண்டுமுன் தகவல் தருவதற்கென்று 2023 மார்ச்சில் ஒரு செயலியை வெளியிட்டது.

அறுந்த ஃபைபரை ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஏன் மணிக்கணக்கில் ஆகிறது என்பது விளங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான். ஒளி உண்மையில் ஓடுவது அதன் நடுவிலுள்ள சுமார் 9 மைக்ரான் பகுதியில் மட்டும். மேலுறையைச் சீவி, சாராயம் போன்ற திரவத்தில் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, இரு முனைகளையும் கையடக்க இயந்திரத்துக்குள் எதிரெதிரே வைக்கிறார்கள். இயந்திரம் நேர்ப்படுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறது. சாலையோரப் புழுதியில், குடை நிழலில், ஒவ்வோர் இழையாக இதைச் செய்ய வேண்டும். கேபிளில் 24 இழை இருந்தால் 24 தடவை.

சரி, இரண்டாவதாக மொபைல் சிம் வைத்துக்கொண்டால்? பெரும்பாலானோருக்கு அதுதான் சரியான வழி. காற்றில் வருவதால் தெருவின் போஸ்ட்டை அது நம்பியிருப்பதில்லை. வேகம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். விலைத் தகவலும் ஆர்டரும் அளவில் மிகச் சிறியவை; சினிமா பார்க்கத் தேவைப்படும் வேகத்தில் ஒரு துளி போதும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பைக்குச் சென்னையிலிருந்து நேர்வழியில் 5 மில்லி விநாடிதான். மொபைலில் சில பத்து மில்லி விநாடி கூடுவதால் கையால் ஆர்டர் போடுகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஆனால் டவரும் கடைசியில் ஃபைபரைத்தான் நம்பியிருக்கிறது. அது உங்கள் தெருவுக்கு வரும் அதே பாதையில் போகலாம். இரண்டு கம்பெனிகளின் ஆன்டெனாக்கள் ஒரே டவரில் இருப்பதும் சகஜம். அப்போது இரண்டு சிம்மும் ஒரு சிம் கணக்குதான். ஃபைபர் போனதும் தெருவே மொபைலுக்குத் தாவுவதால் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது கரண்ட், இணையம், செல்போன் எல்லாம் கூட்டாகத் தடுமாறின. அதுபோன்ற நாளில் எந்த இரண்டாவது லைனும் உத்தரவாதம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்த பிறகு பொசிஷனைத் திறந்து வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

கரண்ட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு ஃபைபரை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. கண்ணாடிதான் ஒளியைப் பங்கிடுகிறது. தெருவில் கரண்ட் போனாலும் உங்கள் சுவர் வரை வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். ஃபைபர் மோடத்துக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் அந்த வெளிச்சம் வீணாகாது.

இனி, லைன் மாறும் அந்தச் சில நொடிகள். பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இது. வைஃபை கோடுகள் முழுதாகத் தெரியும், இணையம் செத்திருக்கும். அந்தக் கோடுகள் உங்களுக்கும் ரூட்டருக்கும் இடையிலான உறவை மட்டுமே காட்டுகின்றன. அதனால் இரண்டு லைன் ரூட்டர்கள் வெளியே உள்ள ஏதாவதொரு சர்வரைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கின்றன. தொடர்ந்து பதில் வராவிட்டால் லைனை மாற்றுகின்றன. மாறியதும் உங்கள் ஐபி முகவரியும் மாறிவிடுகிறது. இணையத்தின் அடிப்படையான டிசிபி நெறிமுறை, இரு முனைகளின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்துத்தான் ஒரு தொடர்பை அடையாளம் காண்கிறது. முகவரி மாறினால் புரோக்கரின் சர்வருக்கு நீங்கள் புது ஆள். செயலி முதலிலிருந்து இணைந்தாக வேண்டும்.

அந்த இடைவெளியில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தியிருந்தால்? ஆர்டர் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். ஆர்டரே போகாமலும் இருந்திருக்கலாம். உங்கள் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பதற்றத்தில் மறுபடி அழுத்தினால் இரண்டு மடங்கு வாங்கிவிடுவீர்கள். ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் இரண்டாம் முறை அழுத்தவே கூடாது. ரூட்டரில் இரண்டு லைனிலும் பகிர்ந்து ஓடும் முறையைத் தவிர்த்து, ஒன்று போனால் மட்டும் மற்றதற்கு மாறும் முறையை வையுங்கள். பழைய லைன் திரும்பி வந்ததும் உடனே தாவாமல், அது நிலைத்து நிற்கிறதா என்று சிறிது நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பொசிஷன் இல்லாத ஒரு நாளில் ஃபைபரை நீங்களே பிடுங்கி, செயலி மீண்டு வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டதும் அது சந்தையின் கணினியில் போய் நிற்கிறது. அதன் பிறகு உங்கள் வீட்டில் இரண்டு லைனும் போனாலும், விலை நீங்கள் குறித்த புள்ளியைத் தொட்டால் அது வேலை செய்யும். விலை ஒரேயடியாகத் தாவினால் ஆர்டரில் நீங்கள் வைத்த லிமிட் விலையைத் தாண்டிப் போய்விடக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும், ‘விலை இறங்கினால் விற்றுவிடலாம்’ என்று மனதில் மட்டும் வைத்திருக்கும் ஸ்டாப் லாஸுக்கு இணையம் வேண்டும். சந்தையில் போட்டு வைத்த ஸ்டாப் லாஸுக்கு வேண்டாம்.