உட்காருவதா, நடப்பதா?

கிரிக்கெட் மைதானத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே நடக்கும். கோல்ஃபில் அப்படி இல்லை. பதினெட்டுக் குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். நமக்குத் தெரிவது நாம் நிற்கும் இடம் மட்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நகரில் ஏப்ரல்தோறும் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை நேரில் பார்க்கப் போகிறவர், உட்காருவதா நடப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

டிக்கெட்டுக்குப் போட்டி நடத்தும் கிளப்பின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். வெளியாரிடம் வாங்கிய டிக்கெட்டைக் கிளப் ரத்து செய்துவிடலாம், அந்த வழியே வேண்டாம்.

திங்கள் முதல் புதன்வரை பயிற்சி நாட்கள். நடந்து சுற்ற ஏற்றவை இவைதான். கேமராவுக்கு அனுமதியும் இந்த மூன்று நாட்களில் மட்டும். டிவியில் சமதளமாகத் தெரியும் இடம் உண்மையில் மேடும் பள்ளமுமானது. 10வது குழிக்கான பாதை கிடுகிடுவென இறங்கும். 18வது குழிக்கு மூச்சு வாங்க ஏற வேண்டும். பழகிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

வியாழன் முதல் ஞாயிறுவரை போட்டி. அப்போது உட்காருங்கள் என்பேன். கைப்பிடி இல்லாத மடக்கு நாற்காலியைக் காலையிலேயே ஓரிடத்தில் போட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம். துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். ஆனால் இங்கே துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். காலியாக இருக்கும்போது வேறொருவர் உட்காரலாம், நீங்கள் வந்ததும் எழுந்துவிடுவார். இடம் பிடிக்க ஓடுவது மட்டும் கூடாது.

எங்கே போடுவது? 12வது குழியின் முதல் அடி அடிக்கும் மேடைக்குப் பின்னால். ஆமென் கார்னர் என்று பெயர்பெற்ற மூலை அது. 11வது குழியின் கிரீனும், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையும், அங்கிருந்தே தெரியும். 12வது குழிக்கான தூரம் வெறும் 155 யார்டுதான். ஆனால் கிரீனுக்கு முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை. மேலே எந்தப் பக்கம் வீசும் என்று பிடிபடாத காற்று. 2016இல் கடைசி ஒன்பது குழிகளை, மற்றவர்களைவிட ஐந்து அடிகள் குறைவாக ஆடி முன்னிலையோடு தொடங்கிய ஆட்டக்காரர் ஜோர்டன் ஸ்பீத், இந்த ஓடையில் இரண்டு பந்துகளைப் போட்டார். மூன்றில் முடிக்க வேண்டிய குழிக்கு ஏழு அடிகள். பட்டமும் போயிற்று. இப்படித் தவறும்போது கைதட்டக் கூடாது. கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான பாபி ஜோன்ஸ் 1967இலேயே பார்வையாளர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பிமென்டோ சீஸ் சாண்ட்விச் பல ஆண்டுகளாக ஒன்றரை டாலர்தான். கவனிக்க வேண்டியது வானிலையைத்தான். இடி மின்னல் வருவதால் வெளியேறச் சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள். 2023இல் 17வது குழி அருகே பைன் மரங்கள் கூட்டத்துக்கு நடுவே சாய்ந்தன. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

கைபேசி எந்த நாளிலும் கூடாது. வீட்டுக்குப் பேச இலவசத் தொலைபேசிகள் உண்டு. மற்ற குழிகளின் நிலவரத்தைக் கையால் எண் மாட்டும் பலகைகள் சொல்லும். சிவப்பு எண் என்றால் நிர்ணயித்த அடிகளுக்கும் குறைவாக ஆடுகிறார், பச்சை என்றால் கூடுதல். ஆனால் பலகைக்கு முன்பே காதுக்குச் செய்தி வந்துவிடும். மரங்களுக்கு அப்பாலிருந்து பெரும் ஆரவாரம் எழும். யாருக்கு, எந்தக் குழியில் என்று தெரியாது. அத்தனை பேரும் பலகையைத் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார்கள், அந்த எண் மாறும்வரை.