எதிரியோடு சேர்த்து புதையலும் எரியணுமா?

சாரல் சீசனில் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடைதான். தென்காசி, குற்றாலம் விடுதி அறைகளில் அடைபடும் இளசுகளுக்குக் கைகொடுப்பவை கேம்ஸ். மந்திரவாதி, வீரன், திருடன் என ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் ஃபேன்டஸி கேம்களில் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. தீப்பந்து மந்திரம் வீசினால், எதிரியிடம் இருக்கும் பொருளும் சாம்பலாக வேண்டுமா?

1974-ல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. அதன் 1979 விதிநூல்படி, தீயில் சிக்கிய பொருள் தப்புமா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். 2014 பதிப்பிலோ, எதிரி அணிந்திருப்பதும் கையில் வைத்திருப்பதும் தீப்பந்தில் பற்றாது.

நம் தொல்காப்பியம் இந்த இரண்டையும் அன்றே தனித்தனியாக வைத்தது. கவர்ந்த ஆநிரையைப் பங்கிடும் 'பாதீடு' வெட்சித் திணையில். பகைவர் நாட்டை எரிப்பது வஞ்சித் திணையில். எரித்த இடத்தில் பங்கு கேட்க முடியாதே!

தீயால் நஷ்டமே இல்லையென்றால் எல்லாரும் தீயையே வீசுவார்கள். வீரனுக்கும் திருடனுக்கும் வேலை இருக்காது. எனவே, எரிவதே நியாயம். ஆனால், விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால், பங்கு பிரிக்கும்போது நண்பர்களுக்குள் நிஜச் சண்டைதான்!