நாற்றம்: கீழே தள்ளப்பட்ட ஒரு சொல்



ஆங்கிலத்தில் 'ஸ்டிங்க்' என்றால் நாறுவது, 'ஸ்டெஞ்ச்' என்றால் நாற்றம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் இவை கெட்ட வாடையை மட்டும் குறிக்கவில்லை. பூவின் மணத்துக்கும் இதே சொல்தான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆண்டவர்களின் பிரெஞ்சு வழியாக 'ஓடர்' வந்தது, பிற்பாடு 'பெர்ஃப்யூம்' வந்தது. நாசூக்கான இடம் அவற்றுக்குப் போக, உழுதவன் வீட்டுச் சொல்லுக்குச் சாக்கடை மிஞ்சியது. ஆட்சி மாற்றம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சொல் எங்கே போய் உட்கார்ந்தது என்று பாருங்கள்.

நம் 'நாற்றம்' பட்டதும் இதே பாடுதான். 1274ஆம் குறளில் மொட்டுக்குள் அடங்கிய நறுமணத்தை வள்ளுவர் 'நாற்றம்' என்றே சொல்கிறார். ஆண்டாள் கற்பூரத்துக்கும் தாமரைக்கும் 'நாறு' என்ற வினையைத்தான் பயன்படுத்துகிறார். இன்று கோயில் வாசலில் நின்று 'பூ நாறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள்! வாசனை, சுகந்தம், பரிமளம் என்ற வடசொற்கள் சந்நிதிக்குள் போய்விட்டன. ('மணம்' எப்படியோ தப்பித்துக்கொண்டது.) பத்திரிகைகள் இன்னமும் 'துர்நாற்றம்' என்று எழுதுகின்றன. நாற்றமே கெட்டது என்றால் 'துர்' எதற்கு? பழைய பொருளுக்கு அந்த முன்னொட்டே சாட்சி.

சொல் விழுந்ததோடு நிற்கவில்லை, ஆள்மீதும் ஏறியது. 'நாறப்பய' என்ற வசையை நம் தெருப் பிள்ளைகளே கூசாமல் சொல்கிறார்கள். நசரத்பேட்டையில் கழிவுநீர் லாரி கடந்தால் மூக்கைப் பொத்துகிறோம். தொட்டியை நிரப்பியவர்கள் எல்லாச் சாதியும். நாற்றம் என்ற பெயர் மட்டும் அதை அள்ளுகிறவருக்கு. உழைப்பாளிகள் நாறுவார்கள் என்று தன் வர்க்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் எழுதினார். அங்கே வர்க்கம், இங்கே பிறப்பு.

கையால் மலம் அள்ளவைப்பதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேரும். அழுகிய முட்டை வாடை. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. ஆகவே மூக்கை நம்பி யாரையும் இறக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் 'இப்ப நாத்தம் தெரியல' என்று குரல் கொடுத்தால், அந்த நொடியே மேலே இழுக்க வேண்டும்.