ஒண்டிக்கடைக் காப்பிக்கும் கண்டிச் சீமைக்கும் என்ன உறவு, தெரியுமா?

ஏற்காடு ஒண்டிக்கடையில் நின்று சூடாகக் காப்பி குடிக்கிறீர்களா? அந்தச் செடி இந்த மலையில் பிறந்ததே அல்ல, தெரியுமா? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தது! அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான்!

இதே காப்பிக்காகத்தான் சேலம், திருச்சி, மதுரைச் சீமைச் சனங்கள் ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால், கண்டிச் சீமை என்று அழைத்த இலங்கை மலைநாட்டுக்குக் கிளம்பினார்கள். தோணியில் மன்னார்க் கரை இறங்கி, மாத்தளை வரை காட்டு வழி நடை! காலராவுக்கும் அம்மைக்கும் வழியிலேயே பலியானவர்கள் எத்தனையோ பேர். பிழைத்தவர்களில் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள்.

பிறகு அவர்களை அங்கேயே தங்கவைத்தது எது? ஒரு பூஞ்சை! 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும், கொழுந்தையோ ஆண்டு முழுக்கக் கிள்ள வேண்டும். குடும்பம் குடும்பமாக ‘லயம்’ என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அவர்கள் கடனை எழுதிய காகிதத்துக்குப் பெயர் ‘துண்டு’. அந்தத் தொகையை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் ஆள் மாறலாம்! அதற்குத் தடை வந்ததே 1921-இல்தான்.

1948 குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது தெரியுமா? இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும்! பிறப்பைப் பதியாத லயத்துச் சனம் எந்தச் சான்றைக் காட்டும்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். நெஞ்சு கொதிக்கிறது.

கதவைச் சாத்தியது இலங்கை மட்டுமல்ல, அமெரிக்கக் கதையையும் கேளுங்கள். 1790-இலேயே மாசசூசெட்ஸில் உள்ள இன்னொரு சேலத்தில் மதராஸ்காரர் ஒருவரைப் பார்த்ததாகப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி நாட்குறிப்பில் எழுதினார்! 1917-இல் அமெரிக்காவில் இந்தியர் குடியேறத் தடை. 1946-இல் தளர்த்தியபோது கொடுத்த இடம், இந்தியா முழுவதுக்கும் ஆண்டுக்கு நூறே நூறு!

மீண்டும் இலங்கைக்கு வருவோம். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: அன்றைக்கு நாடற்றிருந்த 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி 1.5 லட்சம் ‘பிறகு பார்க்கலாம்’. பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை! ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேசுவரம் வந்திறங்கிய பலர் இந்தியாவைப் பார்த்ததே அன்றுதான். இலங்கையிலேயே தங்கி நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல் வந்தது. 55 ஆண்டுகள் கழித்து!