மரபணு வங்கியும் உறவின் சாட்சியமும்: வளைகுடா அனுபவம் சொல்வது என்ன?

குவைத் நகரின் இமாம் சாதிக் மசூதியில் 2015-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது நடத்தப்பட்ட தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் 27 பேர் கொல்லப்பட்டனர். அதற்கடுத்த வாரமே குவைத் நாடாளுமன்றம், உலகில் அதற்கு முன் எந்த நாடும் இயற்றியிராத ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குடிமக்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள், வருகையாளர்கள் என நாட்டில் கால்வைக்கும் ஒவ்வொருவரும் தமது மரபணு மாதிரியை அரசிடம் கட்டாயம் அளிக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம்.

அப்போது குவைத்தில் சுமார் 13 லட்சம் குடிமக்களும் 29 லட்சம் வெளிநாட்டவரும் இருந்தனர். மாதிரி கொடுக்க மறுப்போருக்கு ஓராண்டு வரை சிறையும், 10,000 குவைத் தினார் வரை அபராதமும் விதிக்கப்படலாம் என்றும், போலி மாதிரி கொடுப்போருக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும் என்றும் சட்டம் கூறியது. குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கவும், பேரழிவுகளில் இறந்தோரை அடையாளம் காணவும் இது உதவும் என்று அரசு தெரிவித்தது.

ஆனால், மசூதியில் குண்டை வெடிக்கச் செய்த நபர் குவைத்தில் வாழ்ந்தவர் அல்லர். அவர் சவூதி அரேபியக் குடிமகன். தாக்குதல் நடந்த அன்று அதிகாலையில்தான் பஹ்ரைன் வழியாக விமானத்தில் வந்திறங்கியிருந்தார். தற்கொலைத் தாக்குதலுக்குத் துணிந்துவிட்ட ஒருவரைப் பெயரும் மரபணுவும் பதிவாகியிருப்பது தடுத்து நிறுத்துமா என்ற கேள்வி அப்போதே எழுப்பப்பட்டது.

2016 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழு இந்தச் சட்டத்தைத் திருத்துமாறு கோரியது. ஐரோப்பிய மரபியல் நிபுணர்கள் அமைப்பும் எதிர்ப்புத் தெரிவித்தது. இறுதியில் 2017 அக்டோபர் 5-ஆம் தேதி, தனிமனித சுதந்திரத்துக்கு உறுதியளிக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளுக்கு இது முரணானது என்று கூறி, குவைத்தின் அரசியல் சட்ட நீதிமன்றம் சட்டத்தை ரத்துச் செய்தது.

அத்துடன் விவாதம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். ஆனால், அடுத்த ஆறே மாதங்களில் அமெரிக்காவில் நடந்த ஒரு கைது, அந்த விவாதத்தின் அடிப்படையையே மாற்றிவிட்டது.

சந்தேக நபர் பதிவு செய்யத் தேவையில்லை

கலிபோர்னியாவில் 1970-களிலும் 80-களிலும் 13 பேரைக் கொன்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய நபர் யார் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியாமலிருந்தது. அவரது மரபணு பொலிசாரிடம் இருந்தது. ஆனால் குற்றவாளிகள் பட்டியலில் அதற்குப் பொருத்தம் கிடைக்கவில்லை. 2018 ஏப்ரலில் முன்னாள் பொலிஸ்காரரான ஜோசப் ஜேம்ஸ் டியாஞ்சலோ கைது செய்யப்பட்டார். 2020 ஆகஸ்டில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

டியாஞ்சலோ எந்த மரபணு வங்கியிலும் தன்னைப் பதிவு செய்து கொண்டதில்லை. தமது பூர்வீகத்தை அறியும் ஆவலில் 'ஜெட்மேட்ச்' என்ற இணையத் தரவுத்தளத்தில் மரபணு விவரங்களைப் பதிவேற்றியிருந்த தூரத்து உறவினர்கள் சிலர் வழியாகவே புலனாய்வாளர்கள் அவரை நெருங்கினர்.

இதன் செயல்முறை கடினமானதன்று. பொலிசாரின் வழக்கமான மரபணுச் சோதனை சுமார் இருபது இடங்களை மட்டுமே ஒப்பிடுகிறது. ஒரே நபரா, பெற்றோரா, பிள்ளையா, உடன்பிறந்தவரா என்பதற்கு மேல் அதனால் அதிகம் சொல்ல இயலாது. பூர்வீகம் தேடும் நிறுவனங்களோ பல லட்சம் இடங்களை ஒப்பிடுகின்றன. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே மரபணுவில் பாதி பொதுவானது. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு இடையே எட்டில் ஒரு பங்கும், ஒரே கொள்ளுப்பாட்டன் வழி வந்தோருக்கு 32-ல் ஒரு பங்கும், ஒரே எள்ளுப்பாட்டன் வழி வந்தோருக்கு 128-ல் ஒரு பங்கும் சராசரியாகப் பொதுவாக இருக்கும்.

இந்தச் சிறு பங்கைக் கண்டறிந்தால், பொது மூதாதை யார் என்பதை ஊகிக்கலாம். பின்னர் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு அந்த மூதாதையின் வம்சாவளியைக் கீழ்நோக்கி வரைந்து, வயதும் வசிப்பிடமும் பொருந்துவோரைத் தேடலாம். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களைப் பொறுத்தவரை, சுமார் 13 லட்சம் பேரைக் கொண்ட தரவுத்தளத்தில் நடத்தப்படும் தேடல்களில் 60 சதவீதமானவற்றில் எள்ளுப்பாட்டன் அளவிலோ அதற்கும் நெருக்கமாகவோ ஓர் உறவினர் கிடைத்துவிடுவார் என்று 2018-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

எல்லோருடைய மரபணுவையும் கட்டாயமாகத் திரட்ட குவைத் முயன்றது. ஒரு சிலருடைய மரபணு இருந்தாலே எஞ்சியோரை எட்டிவிடலாம் என்பதை கலிபோர்னியா காட்டியது.

உறவைச் சாட்சியாக்கிய வழக்குகள்

குற்றவியலில் மரபணுவின் வரலாறு பிரிட்டனில் தொடங்குகிறது. மரபணு ரேகை முறையை 1984-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். அதே வட்டாரத்தில் நடந்த இரு சிறுமியர் கொலை வழக்கில் அந்தச் சோதனை முதலில் செய்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞர் நிரபராதி என நிரூபித்ததுதான். உண்மைக் குற்றவாளியான கொலின் பிட்ச்ஃபோர்க்குக்கு 1988-இல் தண்டனை கிடைத்தது.

உறவினர் வழியே தேடும் முறையும் புதிதன்று. வேல்ஸில் 1973-இல் நடந்த கொலைகளின் குற்றவாளியை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவரது மகனின் மரபணு ஓரளவு ஒத்திருந்ததை வைத்து அடையாளம் கண்ட பொலிசார், 2002-இல் சடலத்தைத் தோண்டியெடுத்து அதை உறுதி செய்தனர். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2005-இல் டென்னிஸ் ரேடர் என்ற தொடர் கொலையாளி பிடிபட்டபோது, அவரது மகள் மருத்துவப் பரிசோதனைக்காக எப்போதோ அளித்திருந்த மாதிரி ஆதாரமாகப் பயன்பட்டது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய வழக்கு உண்டு. திருச்சி அருகே ஆசிரமம் நடத்திவந்த, இலங்கையைச் சேர்ந்த பிரேமானந்தா மீதான பாலியல் வன்முறை மற்றும் கொலை வழக்கில், கலைக்கப்பட்ட கருவின் மரபணுவை ஹைதராபாதில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங் ஆராய்ந்து, தந்தை யார் என்பதைச் சாட்சியமாக அளித்தார். 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அளித்த தண்டனையை 2005-இல் இந்திய உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அதிகாரம் மிக்க ஒருவருக்கு எதிராக, ஆதரவற்ற சிறுமியரின் வாக்குமூலத்துக்கு அறிவியல் துணை நின்ற வழக்கு அது.

வளைகுடாவின் தனித்தன்மை

இதே முறையை வளைகுடாவில் பயன்படுத்தினால் இரு மாறுபட்ட விளைவுகள் ஏற்படும் என்று கருத இடமுண்டு.

ஒருபுறம், வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும் பழங்குடிச் சமூகங்கள் அவை. ஒருவரது பெயரிலேயே தந்தை, பாட்டன், குலம் ஆகியவை இடம்பெறுவதால் குடும்ப மரத்தை வரைவது எளிது. மறுபுறம், சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளைகளை மணக்கும் வழக்கம் அங்கு பரவலானது. இதனால் தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினரைப் போல மரபணுவில் தோற்றமளிப்பர். புலனாய்வு தவறான வீட்டுக் கதவைத் தட்டும் ஆபத்து அதிகம்.

தமிழர்களுக்கும் இது பொருந்தும். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என முறைப்பெண்ணை மணக்கும் வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்ந்த குடும்பங்களில் உறவின் தூரத்தைக் கணக்கிடுவது சிக்கலானது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபில், தலைமுறைகளை இணைக்கும் குடும்பப் பெயரும் இல்லை.

தவறு நேர்வது வெறும் கற்பனையன்று. டியாஞ்சலோ வழக்கிலேயே, அதற்கு முந்தைய ஆண்டில், ஆரிகான் மாநில முதியோர் இல்லத்தில் இருந்த, குற்றத்துடன் தொடர்பற்ற ஒருவரிடம் பொலிசார் மாதிரி எடுத்திருந்தனர். வழக்கறிஞரும் வசதியும் உள்ள குடிமகன் அதிலிருந்து மீண்டுவிடலாம். தங்கியிருக்கும் உரிமையே வேலை அளிப்பவரைச் சார்ந்திருக்கும் ஒரு தொழிலாளிக்கு, சந்தேகம் ஒன்றே வேலையையும் விசாவையும் பறிக்கப் போதுமானது.

குவைத்தில் இன்னொரு அச்சமும் இருந்தது. அங்கு 'பிதூன்' எனப்படும் நாடற்றோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உள்ளனர். இவர்களது குடியுரிமைக் கோரிக்கைகளை முடிவு செய்யவும், பிள்ளைகளின் தந்தை யார் என்று ஆராயவும் மரபணு வங்கி பயன்படுத்தப்படலாம் என்று விமர்சகர்கள் எச்சரித்தனர். குற்றவாளியைத் தேடும் கருவி, குடும்ப இரகசியத்தையும் வெளிப்படுத்தும் என்பதே இந்த அச்சத்தின் சாரம்.

மருத்துவத்துக்காகத் திரட்டப்படும் மரபணு

இன்று வளைகுடா நாடுகளில் மரபணு பெருமளவில் திரட்டப்படுவது மருத்துவத்தின் பெயரிலாகும். சவூதி அரேபியா 2013-இல் மரபணுத் தொகுதித் திட்டத்தைத் தொடங்கியது. கத்தார் அதைத் தொடர்ந்தது. பத்து லட்சம் குடிமக்களின் மரபணுத் தொகுதியை வாசிப்பதை ஐக்கிய அரபு எமிரேட்ஸ் இலக்காகக் கொண்டுள்ளது. அதற்கென 2023-இல் தனிச் சட்டமும் இயற்றியது. நெருங்கிய உறவுத் திருமணங்களால் பரம்பரை நோய்கள் மிகுந்த சமூகங்களுக்கு இத்தகைய ஆய்வின் பயன் பெரிது. 2025 ஜனவரி முதல் எமிரேட்ஸ் குடிமக்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய மரபணுச் சோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

வெளிநாட்டவர் இத்திட்டத்தின் இலக்கில் இல்லை. எமிரேட்ஸில் வசிக்க அனுமதி கோருவோரிடம் கைரேகையும் முகப்படமும் பெறப்படுகின்றன. மருத்துவப் பரிசோதனையில் எடுக்கப்படும் இரத்தம் தொற்றுநோய்களைக் கண்டறியவே. எனினும், ஒரு நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட மாதிரி வேறு நோக்கத்துக்குப் பயன்படலாம் என்பதற்கு கேன்சஸ் வழக்கே உதாரணம். அங்கு அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது என்பது முக்கியமான வேறுபாடு.

பெயர் தேடும் உடல்கள்

மரபணு ஒப்பீட்டை முற்றாக நிராகரிப்பதும் தமிழர்களுக்கு எளிதல்ல. 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீயில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்; ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கருகிய உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. 2010 மே 22-இல் துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்தபோது, மரபணுச் சோதனைக்குப் பின்னரும் 12 உடல்கள் பெயரின்றியே அடக்கம் செய்யப்பட்டன.

இலங்கையின் செம்மணியில் 2025-இல் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை யாருடையவை என்பதைச் சொல்லவும் உறவினரின் மரபணுவே வழி. ஆனால், காணாமல் போனோரின் தாய்மார் தமது மாதிரியை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்பதே அங்குள்ள கேள்வி.

எல்லைக்கோடு எங்கே?

உறவினர் வழித் தேடலுக்கு வரம்பு கட்டும் முயற்சிகள் நடந்துள்ளன. வன்குற்றங்களுக்கும், அடையாளம் தெரியாத உடல்களுக்கும் மட்டுமே இம்முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை 2019-இல் நெறிமுறை வகுத்தது. மேரிலாந்து மாநிலம் 2021-இல் நீதிபதியின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஜெட்மேட்ச் 2019 முதல், சம்மதம் தெரிவித்தவர்களின் விவரங்களையே பொலிசாரின் குற்றப் புலனாய்வுத் தேடலுக்கு அனுமதிப்பதாக அறிவித்தது. குற்றம் நிரூபிக்கப்படாதோரின் மரபணுவைக் காலவரையின்றி வைத்திருப்பது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008-லேயே பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது.

இந்தியாவில், மரபணுத் தொழில்நுட்ப மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால், கைதானோரிடம் உயிரியல் மாதிரிகளைப் பெறவும், பதிவுகளை 75 ஆண்டுகள் பாதுகாக்கவும் 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் அடையாளச் சட்டம் வழிசெய்கிறது. இத்தகைய பதிவுகள் வழியே உறவினரைத் தேடலாமா, கூடாதா என்பது பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை.

தனியார் நிறுவனங்களிடம் உள்ள தரவுகளும் பாதுகாப்பானவை என்று சொல்வதற்கில்லை. பூர்வீகச் சோதனை நடத்தும் '23 அண்ட் மீ' நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது.

டொரன்டோவிலோ லண்டனிலோ வாழும் ஒரு தமிழர் ஆர்வத்தால் தனது உமிழ்நீரை அனுப்பும்போது, துபாயில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட சகோதரரைப் பற்றியும், ஊரில் இருக்கும் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சேர்த்தே தகவல் அளிக்கிறார். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. குவைத் நீதிமன்றம் தனிமனிதரின் உரிமையைக் காத்தது. ஒருவரது மரபணு அவருக்கு மட்டும் உரியதல்ல என்னும்போது, குடும்பத்தின் உரிமையைக் காப்பது எப்படி என்பதற்கான சட்டம் வளைகுடாவிலும் தெற்காசியாவிலும் இனித்தான் எழுதப்பட வேண்டியிருக்கிறது.