குழந்தையுடன் ஒரு பகற்பயணம்

நோயிலிருந்து மீண்ட குழந்தையை வெளியே அழைத்துச் செல்லப் பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. மருத்துவர் இசைவு தந்தபின் அவ்வச்சம் வேண்டுவதில்லை. பல நாள் படுக்கையில் கிடந்த பிள்ளைக்குப் புதிய காட்சிகள் ஊக்கம் தரும். கண்விழித்துக் காத்த பெற்றோருக்கும் அது ஆறுதலே.

எழுமலைப் பகுதியினருக்கு எளிய பயணம் ஒன்று உண்டு: உசிலம்பட்டி வரை பேருந்து, அங்கிருந்து மதுரைக்கு இரயில். அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன போடி வழித்தடத்தில், 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்கள் குறைவாதலால் நேரத்தை முன்னரே கேட்டறிக. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களை எண்ணுவதே சிறுவர்க்கு நல்ல விளையாட்டு.

வெயிலே முதற்பகை. பகல் 11 முதல் 3 மணி வரை நிழலில் தங்குக. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தல் போதும். பெரிய பிள்ளைகளுக்குக் கொதித்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றும் உடனிருக்கட்டும். வயிற்றுப்போக்கு நேர்ந்தால் உறையில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக. 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிடுக.

கண்கள் குழிவிழுதல், கண்ணீரின்றி அழுதல், ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை, அளவற்ற சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பயணத்தை நிறுத்தி அருகிலுள்ள மருத்துவமனையை நாடுக.

குழந்தை களைப்பதற்கு முன்பே வீடு திரும்புங்கள். அரை நாள் உலாவே அதற்குப் பெருவிழா.